எப்படிப் படுக்க வைப்பீர்கள், டாக்டர்?

மீஞ்சூர்ப் பக்கம் யாருக்காவது மூளையில் கட்டி என்றால், பெரும்பாலும் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே உள்ள ஜெனரல் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கிய இடம் அது. அங்கே ஆனாலும் தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும் நாம் கேட்பது இரண்டே கேள்வி. உயிருக்கு ஆபத்தில்லையே? எத்தனை நாள் படுக்கை? ஆளை எப்படிப் படுக்க வைத்து ஆபரேஷன் செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

பின்மண்டைக் கட்டி என்றால் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைப்பார்கள். சில இடங்களில் உட்கார வைத்தும் செய்வதுண்டு. தலை அசையாமல் ஊசிமுனைப் பிடியில் இறுக்கியிருக்கும். இப்படியே பல மணி நேரம். தூக்கத்தில் கை மரத்தால் நாம் புரண்டு படுப்போம். மயக்கத்தில் கிடப்பவருக்கு அந்த வழி கிடையாது. முழங்கையோரம் ஓடும் நரம்பு அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். தோள் இழுபட்டால் கையைத் தூக்க வராது. கழுத்தை அளவுக்கு மீறி மடக்கினால் ரத்தம் வடிய வழியின்றி நாக்கு வீங்கும். குப்புறக் கிடக்கையில் பார்வை போவதும் உண்டு. அபூர்வம்தான், போனால் திரும்புவது கடினம். உட்கார வைத்தால் தலை இதயத்துக்கு மேலே இருக்கிறது அல்லவா, திறந்த ரத்தக்குழாய் காற்றை உள்ளே இழுத்துவிடலாம். அதனாலேயே பல டாக்டர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியும். முழங்கைக்குப் பஞ்சு, மார்புக்குத் தலையணை என்று பார்த்துப் பார்த்துத்தான் வைப்பார்கள். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள் இருபது வருடமாகக் காதுக்கு மேல் எழும்பாது என்பது வீட்டுக்காரம்மாவுக்குத்தானே தெரியும்? கழுத்தைத் திருப்பினால் கை ஜிவ்வென்று இழுப்பது, சர்க்கரையால் பாதம் மரத்திருப்பது, கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து விடுவது, எல்லாமே அப்படித்தான். மூளை ஆபரேஷனுக்கு வந்த இடத்தில் தோள்வலியைச் சொன்னால் டாக்டர் கோபிப்பாரோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பு வந்து பார்ப்பார். அவரிடம் சொல்லுங்கள். நோயாளியே கழுத்தைத் திருப்பி, கையைத் தூக்கி, எதுவரை போகிறது என்று காட்டட்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு விரல் மரத்திருந்தால், "பலவீனம், டானிக் குடித்தால் சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு வந்து நீங்களே தீர்மானிக்காதீர்கள். வார்டில் ரவுண்ட்ஸ் வரும்போதே சொல்லிவிடுங்கள். அழுந்திய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். அதுவரை என்ன பயிற்சி என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.