வரப்புக்கு அடியில் போகும் தண்ணீர் யாருக்கு?

தண்ணீர் விற்கும் போர்களை எல்லையிலிருந்து 150 மீட்டர் தள்ளி வை!



வரப்பை ஒரு சாண் வெட்டி எவனாவது உள்ளே தள்ளினால் நாம் சும்மா இருப்போமா? சர்வேயரைக் கூப்பிடுவோம், கல்லை ஊன்றுவோம், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டுவோம், வம்பு முற்றினால் கோர்ட்டுக்கும் போவோம். ஆனால் அதே வரப்புக்கு அடியில் நம் தண்ணீர் ராத்திரி பகலாகப் பக்கத்து விளைக்குப் போகிறது. அங்கிருந்து லாரி ஏறி ஊரை விட்டே போகிறது. இதைக் கேட்க ஒரு கல் உண்டா? ஒரு அளவு உண்டா? இந்த அநியாயத்தைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்தத் துண்டறிக்கையோடு வந்திருக்கிறோம்.

என்ன நடக்கிறது நம் ஊரில்?

நம்ம சீமை தேரி சீமை. கருமேனியாறு முக்கால்வாசி நாள் மணலாகத்தான் கிடக்கும். தாமிரபரணி வெள்ளம் சடையனேரிக் கால்வாயில் வந்தால் உண்டு. மணிமுத்தாற்றுத் தண்ணீர் கடைசி ரீச்சுக்கு எட்டினால் உண்டு. புத்தன்தருவையும் வைரவன்தருவையும் நிறைந்த வருஷம் நமக்கு நல்ல வருஷம். மற்ற வருஷமெல்லாம் முருங்கையும் வாழையும் தென்னையும் கிணற்றை நம்பித்தான். தேரி மணல் குடித்து வைத்திருக்கும் மழைத் தண்ணீர்தான் நமக்கு அணை, நமக்கு ஏரி.

அந்த அணையில்தான் இப்போது ஓட்டை போடுகிறார்கள். ரோட்டோரம் ஒன்றோ இரண்டோ ஏக்கர் வாங்குவது. எல்லைக் கல்லை ஒட்டி ஆழமாகப் போர் போடுவது. பெரிய மோட்டாரை இறக்குவது. டேங்கர் லாரியை வரிசையில் நிறுத்துவது. விவசாயம் என்று பெயர். விளைவது ஒன்றுமில்லை, லோடுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாரிக்கு 12,000 லிட்டர். ஒரு நாளைக்கு 20 லோடு என்றால் 2,40,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஒரே இடத்திலிருந்து போகும் இந்தத் தண்ணீர் 4,300 பேருக்கு மேல் குடிதண்ணீர். ஒரு பெரிய ஊரின் தாகம் தினமும் லாரியில் ஏறுகிறது.

"அவன் நிலத்துல அவன் போர் போடுதான், நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் பானையில் இருக்கிற மாதிரி அவன் நிலத்துக்குள் மட்டும் நிற்பதில்லை ஐயா! மோட்டாரைப் போட்டு இழுத்தால் அந்தப் போரைச் சுற்றித் தண்ணீர் மட்டம் புனல் மாதிரி இறங்கும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் இழுக்கிறானோ, அவ்வளவு தூரம் புனலின் வாய் விரியும். மணல் பூமியில் அது நூறு, இருநூறு மீட்டர் தாண்டியும் போகும். அந்த வாய்க்குள் நம்ம கிணறு மாட்டினால் நமக்குச் சேறுதான் மிச்சம். கிணற்றை வெட்டி ஆழமாக்கு, பிறகு போர் போடு, பிறகு மறுபடி போர் போடு என்று கடன் மேல் கடன்.

இன்னொரு ஆபத்து, கடல். நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பை அமுக்கி வைக்கும். மேலே ஒரு அடியை உறிஞ்சி எடுத்தால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் பகுதி என்று அரசாங்கக் கணக்கெடுப்பிலேயே பெயர் வாங்கியவை சாத்தான்குளமும் உடன்குடியும். உப்பு ஒரு தடவை உள்ளே வந்தால் ஒரு மழையில் போகாது. வற்றிய கிணறு ஊறும். உப்பான கிணறு ஊறியும் பயனில்லை.

சட்டம் யார் பக்கம்?

வெள்ளைக்காரன் 1882இல் போட்ட இந்திய வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. தன் நிலத்துக்கு அடியில், குறிப்பிட்ட வாய்க்கால் இல்லாமல் பரவி நிற்கும் தண்ணீரை நிலத்துக்காரன் எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. எவ்வளவு எடுக்கலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி எடுக்கலாம் என்று அங்கே பேச்சே இல்லை. அது கமலை கட்டி மாடு இறைத்த காலம். இன்று மாடும் இல்லை, கமலையும் இல்லை. சட்டம் மட்டும் அப்படியே!

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. டெக்சாஸ் மாகாணத்தில் ஒரு ரயில் கம்பெனி பெரிய கிணறு வெட்டி ஒரு நாளைக்கு 25,000 காலன் இறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் கிணறு வற்றியது. 1904இல் கோர்ட் ரயில் கம்பெனிக்குத்தான் தீர்ப்பு சொன்னது. இழுக்கிறவனுக்கே சொந்தம் என்பது அவர்கள் நியாயம்.

எண்ணெய்க்கும் முதலில் அதே நியாயம்தான். 1901இல் அங்கே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டது. அடுத்தவன் இழுப்பதற்குள் நாம் இழுக்கணும் என்று ஆளாளுக்கு ஒட்டி ஒட்டிக் கிணறு போட்டார்கள். சில வருஷத்தில் அடியில் அழுத்தம் போய்விட்டது. எல்லாருக்கும் நஷ்டம். பணக்காரனுக்கு நஷ்டம் வந்தால் சட்டம் சீக்கிரம் வரும் அல்லவா? 1919இல் விதி வந்தது. கிணற்றுக்குக் கிணறு 300 அடி, நில எல்லையிலிருந்து 150 அடி தள்ளித்தான் துளை போடணும் என்றார்கள். பிறகு அதையும் கூட்டி, கிணற்றுக்குக் கிணறு 1,200 அடி, எல்லையிலிருந்து 467 அடி என்று வைத்தார்கள். நாலு பக்கமும் 467 அடி விட வேண்டுமானால் சதுர நிலமாக இருந்தாலே 20 ஏக்கர் வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எவ்வளவு தள்ளி இருக்கணும் என்று பிறகு வேறு விதிகள் வந்தன. கொலராடோ மாகாணம் 2020இல் 2,000 அடி என்றது. கலிபோர்னியா 2022இல் 3,200 அடி என்று சட்டம் போட்டது.

எண்ணெய்க் கிணறு ஏதோ அமெரிக்கா சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2025இல் நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 இடங்களில் சோதனைக் கிணறு போட ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான், அனுமதியைத் திரும்பப் பெறும்படி தமிழ்நாடு அரசு சொன்னது. 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியதால் சோதனைக் கிணற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்றாகிவிட்டது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் காவிரி டெல்டாவுக்குத்தான். தூத்துக்குடி மாவட்டம் அதில் இல்லை. எனவே எவன் துளை போட வந்தாலும், தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ, நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: என் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர்?

மற்ற இடத்தில் முடியும், இங்கே முடியாதா?

மகாராஷ்டிராவில் 1993ஆம் வருஷச் சட்டம், பொதுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 500 மீட்டருக்குள் புதுக் கிணறு தோண்டுவதைத் தடுத்தது. ஆந்திராவில் 2002ஆம் வருஷ நீர், நிலம், மரங்கள் சட்டம் 250 மீட்டர் என்று வைத்தது. சென்னைக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் 1987லேயே தனிச் சட்டம் வந்தது. அங்கே கிணறு தோண்டவும் அனுமதி, லாரியில் தண்ணீர் கொண்டுபோகவும் லைசென்ஸ். சென்னைக்காரன் தண்ணீர் மட்டும் தண்ணீர், சாத்தான்குளத்தான் தண்ணீர் ஊத்தா?

தமிழ்நாடு முழுவதுக்கும் 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். பத்து வருஷம் ஏட்டில் கிடந்தது. 2013இல் ரத்து செய்துவிட்டார்கள். 2014இல் அரசாணை 142 வந்தது. அது குறுவட்டம் குறுவட்டமாகத் தண்ணீர்க் கணக்குப் பார்த்து, அளவுக்கு மீறி எடுத்த இடங்களில் வியாபாரத்துக்குத் தடை சொல்கிறது. 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணை செல்லும் என்றது. அனுமதி இல்லாமல் உறிஞ்சி விற்பதைத் திருட்டாக எடுத்து வழக்குப் போடவும் சொன்னது. நல்ல காரியம்தான். ஆனால் குறுவட்டத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தால் போதுமா? வரப்பை ஒட்டிப் போர் போட்டவனால் கிணறு வற்றிய அந்த ஒரு விவசாயிக்கு அது என்ன பதில் சொல்லும்? அவனுக்கு வேண்டியது அளந்து காட்டக்கூடிய தூரம். டேப் பிடித்தால் வி.ஏ.ஓ.வும் மறுக்க முடியாத தூரம்.

"அண்ணாச்சி, நாமளும் மாட்டிக்கிடுவோமே?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நாங்கள் ஒதுங்க மாட்டோம். எல்லாக் கிணற்றுக்கும் சுற்றிலும் 150 மீட்டர் இடைவெளி என்று கண்ணை மூடிக்கொண்டு சட்டம் போட்டால் என்ன ஆகும்? ஒரு கிணறு ஏறத்தாழ பதினேழரை ஏக்கரைப் பூட்டிவிடும். முதலில் போர் போட்டவன் ராஜா. ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவன், இப்போதுதான் நிலம் வாங்கிய ஏழை, அண்ணன் தம்பி பாகத்தில் கிணறு இல்லாத பக்கம் கிடைத்தவன், இவர்கள் எல்லாம் காலத்துக்கும் வானம் பார்த்த பூமிதான். அப்படிப்பட்ட சட்டத்தை நாம் கேட்கவில்லை; கொண்டுவந்தால் அதையும் எதிர்ப்போம்.

தள்ளிப் போக வேண்டியவன் விற்கிறவன். தன் பயிருக்கு இறைக்கிற சிறு விவசாயி இல்லை. புதிதாகக் கிணறு வேண்டிய சிறு விவசாயிகளுக்குக் கூட்டுக் கிணறு கொடு. நாலு பேர் நிலத்துக்கு நடுவில் ஒரு கிணறு, முறை வைத்துப் பாய்ச்சல். முறைத் தண்ணீர் நமக்குப் புதுசா? பாகப் பத்திரத்திலேயே கிணற்றில் பங்கு எழுதியவர்கள் நாம். எண்ணெய் விவகாரத்திலும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தார்கள். தனியாகத் துளை போட முடியாத சிறு நிலங்களை ஒன்று சேர்த்து, ஒரே கிணறு போட்டு, அளவுக்குத் தக்க பங்கு கொடுக்க டெக்சாஸில் 1965இல் சட்டம் வந்தது.

இன்னொன்றும் சொல்லுதோம். லோடு அடிப்பவர்களுக்கு நிலத்தை விட்டவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. முருங்கைக்கு விலை இல்லாமல், வாழை காற்றில் சாய்ந்து, பிள்ளை படிப்புக்குப் பணம் இல்லாமல் விட்டவர்கள். அவர்கள் மேல் நமக்குப் பகை இல்லை. கட்டுபடியாகும் விலை கிடைத்திருந்தால் தண்ணீரை விற்றிருக்க மாட்டார்கள். நம் சண்டை நூறு பேர் தண்ணீரை ஒருவன் காசாக்கும் தொழிலோடுதான்.

எங்கள் கோரிக்கைகள்

1. தண்ணீர் விற்கும் போர், ஆலைக்குத் தண்ணீர் எடுக்கும் போர் எதுவானாலும் நில எல்லையிலிருந்து 150 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். இந்தத் தூரத்தைச் சட்டத்திலேயே எழுது!

2. ஊர்க் குடிநீர்க் கிணறு, குளம், தருவை ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் வியாபாரப் போர் கூடாது!

3. எண்ணெய், எரிவாயுக் கிணறு எதற்கும் கிராம சபை ஒப்புதலும் கருத்துக் கேட்பும் இல்லாமல் அனுமதி கூடாது!

4. விவசாய இலவச மின்சாரத்தில் தண்ணீர் விற்பவர்களின் இணைப்பைத் துண்டி! அதைச் சாக்கிட்டு உண்மையான விவசாயியின் இணைப்பில் கை வைக்காதே!

5. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் கூட்டுக் கிணறு அமைத்துக் கொடு!

6. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் ஊரை அழித்துவிட்டுக் கடலுக்குப் போனது. வெள்ளத் தண்ணீரைத் தருவைகளிலும் தேரியிலும் தேக்க வழி செய்!

நாம் செய்ய வேண்டியது

மனு கொடுத்தால் மட்டும் வராது. கேரளத்தில் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை தண்ணீரை உறிஞ்சியபோது, 2002 ஏப்ரலில் ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நம்மைவிட வசதி குறைந்தவர்கள் செய்து காட்டிய காரியம் அது.

முதல் வேலையாக ஒவ்வொரு ஊரிலும் வற்றிய கிணறுகளைக் கணக்கெடுங்கள். கிணறு எத்தனை அடி, எந்த வருஷம் வற்றியது, பக்கத்து வியாபாரப் போர் எத்தனை மீட்டர் என்று நோட்டில் எழுதுங்கள். டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் அந்த நோட்டை வைத்து, மேலே உள்ள கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போடுங்கள். தீர்மானத்தின் நகலைக் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுப்போம். அதற்கும் அசையவில்லை என்றால் சாத்தான்குளம் தாலுகா ஆபீஸ் முன் காலிக் குடத்தோடு உட்காருவோம். சாதி பாராமல், கட்சி பாராமல், குடும்பத்தோடு வாருங்கள்!

வரப்புக்கு மேலே உள்ள மண் நமதென்றால், வரப்புக்குக் கீழே உள்ள தண்ணீரிலும் நமக்குப் பங்கு உண்டு!

அணி திரள்வோம்! தண்ணீரைக் காப்போம்!

இவண்,
விவசாயிகள் சங்கத்தார்,
சாத்தான்குளம்.