வளவு துப்புரவுக்கு வருபவர்கள்

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது முரசுமோட்டைப் பக்கமும் வெள்ளத்தில் மூழ்கியது. இப்படித் தண்ணீர் வந்து வடிந்ததும் சேறு அள்ளவும், பழுதான சாமான்களை அகற்றவும் கூலிக்கு ஆள் பிடிக்கிறோம். பலர் வெறுங்காலோடுதான் வருகிறார்கள்.

அந்தச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், கிருமி உள்ளே இறங்கிவிடும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சல் இதுதான். சேற்றில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு காய்ச்சல் கண்டால், சேற்றில் நின்றதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். பூட்ஸும் தடித்த கையுறையும் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பேன். கூலியில் பேரம் பேசத் தெரிந்த நமக்கு இது ஏனோ நினைவில் வருவதில்லை!

வன்னியில் இன்னொரு பயமும் உண்டு. குவித்த குப்பைக்குத் தீ வைத்தபோது, மண்ணில் புதைந்திருந்த யுத்தகால வெடிபொருள் வெடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வெறும் நிலத்தில் குப்பை எரிக்க வேண்டாம். துருப்பிடித்த எதிலாவது மண்வெட்டி தட்டினால், பழைய இரும்புக்கு விற்கலாமென்று தோண்ட விடாதீர்கள். ஆளை வெளியே கூப்பிட்டுவிட்டு 119க்கு அறிவியுங்கள். அன்றைய வேலை நின்றால் நிற்கட்டும், கூலியைக் குறைக்காதீர்கள்.