எத்தனை மணி நேரம் என்று ஏன் சொல்லவில்லை?



7ஆம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் நமது மணிமங்கலமும் ஒன்று. அன்று வாளில் விரிசல் விழுந்தால் பிடித்தவன் கண்ணுக்கே தெரியும். இன்று ஏவுகணையையும் போர் விமானத்தையும் நடத்துவது மென்பொருள். அதாவது, எங்கோ உட்கார்ந்து யாரோ கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த கட்டளைகள். அதில் விழுந்த விரிசல், சிப்பாய் செத்த பிறகுதான் தெரியும்!

மிகைப்படுத்துகிறோமா? 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் மாண்டனர். குறுக்கே பாய்ந்து தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் ஏவுகணை கிளம்பவே இல்லை. அதன் கடிகாரக் கணக்கில் அணுவளவு பிழை. 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டியதில் அது வளர்ந்து, வினாடியில் மூன்றில் ஒரு பங்காயிற்று. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டர் பாய்ந்துவிடும்! யந்திரம் வெறும் ஆகாயத்தைத் துழாவிக்கொண்டிருந்தது.

இஸ்ரேல் ராணுவம் இரண்டு வாரம் முன்பே எச்சரித்திருந்தது. திருத்திய மென்பொருளும் தயாராகிவிட்டது. தஹ்ரானுக்கு அது வந்து சேர்ந்தது 26ஆம் தேதி. 28 பேர் செத்த மறுநாள்! இடையில் மேலிடம் ஒரு தாக்கீது மட்டும் அனுப்பியது: மிக நீண்ட நேரம் ஓட்டினால் குறி பிசகலாமாம். எத்தனை மணி நேரம்? அதைச் சொல்லவில்லை. மில்லில் ஒரு மேஸ்திரி இப்படி உத்தரவு போட்டால் நாம் சும்மா விடுவோமா? யந்திரத்தை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட்டியிருந்தாலே கணக்கு நேராகியிருக்கும்!

நம் நாட்டில் நடந்ததையும் பாருங்கள். தேஜாஸ் விமானம் நிலைகுலையாமல் பறக்கச் செய்யும் மென்பொருளுக்காக நமது இஞ்சினீயர்கள் அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியில் வேலை செய்தார்கள். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்ததும், அமெரிக்க சர்க்கார் தடை விதித்து அவர்களைத் திருப்பி அனுப்பியது. மீதியை முடித்தவர்கள் பெங்களூரின் பொதுத்துறை விஞ்ஞானிகள். 2001 ஜனவரி 4 அன்று விமானம் பறந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஆட்சியாளர்கள் செய்தது என்ன? மணிமங்கலத்துக்கு வடக்கே ஆவடியில் டாங்கி கட்டும் தொழிற்சாலை உள்பட 41 தளவாடத் தொழிற்சாலைகளை 2021இல் 7 கம்பெனிகளாகக் கூறுபோட்டார்கள். எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யக் கூடாதென்று சட்டமும் போட்டார்கள். வாயைக் கட்டிவிட்டால் பிழையை எவன் சொல்வான்?

ராணுவத்தில் சேருகிறவன் ஆலை முதலாளியின் மகனா? நம் வீட்டுப் பிள்ளைதானே! ஆகவே கேட்கிறோம்: மென்பொருளை எழுதுகிறவன், டாங்கியைக் கட்டுகிற தொழிலாளியோடும் ஓட்டுகிற சிப்பாயோடும் ஆரம்பத்திலிருந்தே உட்காரட்டும். ஒவ்வொரு பகுதியையும் எழுத எழுத ஓட்டிப் பார்க்கட்டும். மூலக் கட்டளைகள் பொதுத்துறையின் கையில் இருக்கட்டும். பிழையைச் சொன்னவனுக்கு மெமோ கொடுக்காதே!