வீரிட்டு அழும் பிள்ளையும் வைத்தியராகும் வீடும்

மாலையானால் வீரிட்டு அழும் கைக்குழந்தையைச் சுற்றி வீடே வைத்தியராகிவிடுகிறது. பாட்டி வசம்பைச் சுட்டு உரைக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து கிரைப் வாட்டர் வருகிறது. பழியோ தாய் சாப்பிட்ட கத்தரிக்காய் மீது!

நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல் அழுதால் கோலிக் என்று 1954-இல் வரையறுத்தார் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெஸல். ஆறாவது வாரவாக்கில் உச்சம். மூன்று, நான்கு மாதத்தில் தானே அடங்கும்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசம்புக்கும் கிரைப் வாட்டருக்கும் அங்கே இடமில்லை. தோளில் சாய்த்து ஏப்பம் விடவைக்கலாம், மெல்ல ஆட்டலாம். (சில பிள்ளைகள் இதற்கெல்லாம் மசிவதில்லை.) ஆத்திரம் பொங்கினால் பிள்ளையைப் பாதுகாப்பாக மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடம் விலகலாம், குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியக்கூடும்.

காய்ச்சலோ பச்சை வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்ற மாலைகளில் அப்பா கொஞ்சம் தூக்கிக்கொள்ளட்டும், அம்மா தூங்கட்டும்.