மாளிகை மட்டுமா மரபுச் செல்வம்?

மொரிசியஸ் தீவுக்கு உல்லாசப் பயணம் சென்று மீள்வோர் எதைக் கண்டு வருகின்றனர்? வெண்மணற் கரையையும், கரும்புத் தோட்ட முதலாளிமாரின் பழைய மாளிகைகளையுமே கண்டு வருகின்றனர். அம்மாளிகைகளே அத்தீவின் மரபுச் செல்வம் என்கிறது விளம்பரம். இதனை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

1598இல் ஒல்லாந்தர் இறங்கினர். 1715இல் பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடினர். 1810இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கொடிகள் மாறின, உழைத்தவன் துயர் மாறவில்லை. 1835இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தபோது இழப்பீடு பெற்றவர் யார்? பிரித்தானியப் பேரரசெங்கும் அடிமைகளை வைத்திருந்தோருக்கு 2 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. அடிமைகளுக்கோ ஒரு சதமும் இல்லை!

பின்னர், ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். எரிமலைக் கற்களைப் பொறுக்கிக் குவித்து நிலம் திருத்திய கைகள் அவர்களுடையவை. அக்கற்குவியல்கள் இன்றும் கரும்பு வயல்களிடையே நிற்கின்றன. சுண்ணக்கல்லை உடைத்துத் தோட்டம் கண்ட நம் கமக்காரருக்கு அவ்வுழைப்பின் அருமையை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே போட் லூயிஸ் நகரைக் கட்டியெழுப்பியதில் புதுச்சேரித் தொழிலாளர்க்கும் பங்குண்டு. அவ்வாறாயின், ஐரோப்பியர் மரபென்று போற்றப்படுவது யார் கைவண்ணம்?

குறை தீவினரிடம் இல்லை. கூலிகள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் 2006இலும், தப்பியோடிய அடிமைகள் புகலடைந்த லெ மோர்ன் மலை 2008இலும் உலக மரபுரிமைச் சின்னங்களாயின. ஆயினும் அம்மலையடிவார விடுதிகளில் தங்குவோருள் எத்தனை பேர் அதன் கதையைக் கேட்டறிகின்றனர்?

ஓய்வுக்குச் செல்வோனிடம் வரலாற்றைத் திணிப்பதேன் என வினவுவாருமுளர். கடலாடுவதை நாம் தடுக்கவில்லை. ஆனால், கட்டணம் செலுத்தி மாளிகைக்குள் நுழைபவன் அங்கே வரலாற்றைத்தான் விலைக்கு வாங்குகிறான். அதில் பாதியை மட்டும் வாங்கி, முழுவதும் பெற்றதாக மகிழாதே என்பதே நமது கூற்று. நாம் கொடுக்கும் பணம் எந்தக் கதையை வாழவைக்கிறதோ, அந்தக் கதையே நாளை வரலாறாகும்.

மருத்துவராயினும் வழக்கறிஞராயினும், அங்குச் செல்லும் தமிழர் துறைமுகத்தின் அந்தப் பதினாறு கற்படிகளில் முதலில் நிற்பாராக. மாளிகையைக் காண்பது அதன் பின்னரே ஆகுக!