பொடிக்குள் இருந்த ஈரம்

முனைவர் பட்ட ஆய்வில் முதல் இரண்டு ஆண்டுகள், பொடியை அழுத்தி நான் செய்த பெல்லட்டுகள் என்ற வில்லைகள் எல்லாமே உதிர்ந்துபோயின. சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் சுட்டு உலையிலிருந்து எடுக்கும்போது கல் போல இருக்கும். நான்கு நாள் மேசையில் கிடந்தால் விரல் பட்டதும் மாவாகிவிடும்.

பொட்டாசியம் சோடியம் நையோபேட் என்ற பீங்கான் அது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும். மின்னழுத்தம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்கும். பீசோ மின்பொருள் என்பார்கள். சமையலறை கேஸ் லைட்டரில் பொறி எழுப்புவதும், கர்ப்பிணியின் வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியின் முனையில் இருப்பதும் இந்த வகைப் பொருள்தான். இன்று பெரும்பாலும் பயன்படுவது பி.இசட்.டி. எனப்படும் லெட் சிர்கோனேட் டைட்டனேட். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் இல்லாத மாற்றைத் தேடும் உலகளாவிய வேலையில் ஒரு துளிதான் என் ஆய்வு.

பிறகு ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் மூன்று மாதம் வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்தது. முதல் நாள் நான் பொடியை எடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர், தராசை நிறுத்தச் சொன்னார். பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரவு முழுதும் 200 டிகிரியில் உலர்த்தி, ஈரம் புகாத டெசிகேட்டர் கலத்துக்குள் ஆறவைத்து, வெளியே எடுத்த கணமே எடை போட வேண்டும் என்று செய்து காட்டினார். கடலோர ஊரில் இரண்டு ஆண்டுகளாக நான் பொட்டாசியத்தோடு தண்ணீரையும் சேர்த்தே எடை போட்டிருக்கிறேன். கலவை விகிதம் பிசகியது. சுட்ட பிறகும் மிச்சம் நின்ற வேண்டாத சேர்மம் ஈரத்தைக் குடித்துப் பெல்லட்டை உடைத்தது.

நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் இது ‘உலர்த்தப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் இருந்தது. எப்படி, எவ்வளவு நேரம், ஏன் என்பதெல்லாம் அருகில் நின்று பார்த்தவருக்கே தெரியும். இந்தத் துறையில் பாதி அறிவு கைப்பழக்கத்தில் இருக்கிறது. அது அஞ்சலில் வராது. போய்த்தான் வாங்கிவர வேண்டும்.

இந்தப் பொருள்களின் வரலாறும் அதையே சொல்கிறது. 1880இல் பாரிஸில் கியூரி சகோதரர்கள் பீசோ மின் விளைவைக் கண்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, ஜப்பான், சோவியத் ஒன்றியம் மூன்றும் ஒன்றுக்கொன்று தெரியாமல் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானின் மின் தன்மையைத் தனித்தனியே கண்டுபிடித்தன. போர் முடிந்து கதவுகள் திறந்த பிறகு, 1950களின் தொடக்கத்தில் டோக்கியோவில் பி.இசட்.டி.யின் கட்டமைப்பை ஆராய்ந்தார்கள். 1954இல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய அமைப்பில் பெர்னார்ட் ஜாஃபியின் குழு அதன் வலுவான பீசோ பண்பை வெளியிட்டது. 2004இல் ஜப்பானின் டொயோட்டா மத்திய ஆய்வகக் குழு, ஈயமில்லாத நையோபேட்டிலும் பி.இசட்.டி.க்கு நிகராக வர முடியும் என்று காட்டியது. நான் உதிர்த்துக்கொண்டிருந்த அதே பொருள் குடும்பம்.

இத்தனை கருவிகள் வைத்திருக்கும் அமெரிக்காவே, தன் மாணவர்களைக் குழுவாக அயல்நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புவதற்கென்று தன் தேசிய அறிவியல் அறக்கட்டளை மூலம் தனித் திட்டம் வகுத்தது. நம் மாணவர்களுக்கும் வாய்ப்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் வாசலோடு நின்றுவிடுகின்றன. அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு அவை எட்டுவதில்லை.

‘போனால் திரும்பி வருவார்களா?’ என்று கேட்பார்கள். படிப்பின் நடுவில் மூன்று மாதத்துக்குப் போகிறவர் பட்டம் வாங்கவாவது திரும்ப வேண்டும். நான் வந்தேன், இன்றும் கடலோரக் கல்லூரி ஒன்றில்தான் பாடம் நடத்துகிறேன்.

‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாணவர்கள் சிலரைக் குறுகிய காலப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பிக் காட்டியிருக்கிறது தமிழக அரசு. அதை ஆய்வகத்துக்கும் நீட்டட்டும். அரசுக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுக்குப் பத்து மாணவர்கள், துணைக்கு ஓர் ஆசிரியர், மூன்று மாதம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட், ஸ்லோவேனியாவின் லூப்லியானா என இந்தத் துறையில் பேர்பெற்ற இடங்கள் இருக்கின்றன. ஒரு நிபந்தனை: திரும்பியவர் கற்றதைத் தமிழில் செய்முறைக் குறிப்பாக எழுதி, அடுத்த அணிக்குக் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும்.

போன ஐப்பசி மழையில் என் மாணவி ஒருத்தி பொடியை இரவெல்லாம் உலர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை போட்டாள். அவள் சுட்ட பெல்லட் இன்னும் உதிரவில்லை. அதன் பீசோ பண்பை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. “எங்கே போய் அளக்கலாம் மேடம்?” என்று கேட்கிறாள். அவள் விண்ணப்பிக்க ஒரு படிவமாவது வேண்டும்.