போனில் இருப்பது நம் பெயர் மட்டுமல்ல

சென்ற மாதம் ஒரு பஞ்சாலைத் தோழர் சங்க அலுவலகத்துக்கு வந்து, வெகுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மகளின் பள்ளிச் செலவுக்காக, செல்போனில் விளம்பரமாக வந்த கடன் ஆப் ஒன்றில் 5,000 ரூபாய் கேட்டிருக்கிறார். கைக்கு வந்தது 3,200. ஏழாம் நாள் முழுத் தொகையையும் கட்டு என்றான். கட்ட வழியில்லை. மறுநாளே, ஷிப்டில் கூட நிற்கிறவர்களுக்கும், ஊரிலிருக்கும் மைத்துனருக்கும், மகளின் வாத்தியாருக்கும் அவர் படத்தோடு "திருடன்" என்று செய்தி போய்விட்டது!

இத்தனை பேர் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? தோழர்தான் கொடுத்தார். ஆப்பை ஏற்றும்போது "உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?" என்று கேட்டது. அவசரத்தில் "சரி" என்பதைத் தொட்டுவிட்டார். அந்தக் காலத்துக் கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்றுதான் கத்துவான். இவன் முகமே காட்டாமல் ஊரெல்லாம் கத்துகிறான்.

"யார் தொடச் சொன்னது? அவரவர் ரகசியம் அவரவர் பொறுப்பு" என்று படித்த கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். அப்படியா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. திருட்டு ஆப்புக்கு விதி ஏது? தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் வந்ததோ 2025 நவம்பரில். முக்கியமான கடமைகளை நிறைவேற்றக் கம்பெனிகளுக்கு அதிலிருந்து மேலும் 18 மாத அவகாசம்! நம் தோழருக்குக் கிடைத்த அவகாசம் ஏழு நாள். தன் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் சர்க்கார் அதே சட்டத்தில் வழி வைத்திருக்கிறது.

ஆகவே முழுப் பழியையும் தொழிலாளியின் விரல்மேல் போடுவதை நாம் ஏற்கமாட்டோம். ஆனால் நம் பங்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. சங்கத்து உறுப்பினர் நோட்டை மானேஜர் கேட்டால் கொடுப்போமா? வேலையே போனாலும் கொடுக்க மாட்டோம். அந்த நோட்டில் உள்ள அதே பெயர்கள்தான் நம் போனிலும் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் "சரி" சொல்ல நமக்கு என்ன உரிமை?

வயல்வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு ஆதார் நகல் கேட்டால், எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு. ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் ரேகை விழாது. அன்றைக்குத் திறந்துகொள்ள வேண்டும். (இந்தத் தொல்லையை யோசித்தவன் ரேஷன் வரிசையில் நின்றவனாக இருக்க மாட்டான்.) பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அந்தத் தோழர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். செய்தி வந்த ஷிப்டுக்காரர்களில் ஒருவரும் அவரைக் கேலி செய்யவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் சங்க அலுவலகத்தில் கூடி, எந்த ஆப் எதைப் பார்க்கிறது என்று போன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். இன்னும் ஆறு பேர் போனில் அதே ஆப் இருந்தது. அதில் ஒருவர் சங்கத்தின் பொருளாளர்.